கிராம் அண்ணனும் இருபத்துநான்கு நண்டுகளும்

ஆய்வுக்கூடத்து வாசலில் காவலுக்கு இருந்தவருக்கு ஒரு மழைக்காலத்தில் இரண்டு கால்களும் வீங்கிவிட்டன. நாற்காலி வேண்டுமென்று அவர் எழுதிக் கொடுத்த காகிதம் எந்த மேசையில் படுத்துத் தூங்கியதோ, பதிலே வரவில்லை. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் காவல் கூண்டுக்குள் ஒரு மர நாற்காலி கிடக்கிறது. "ஆபீஸ்ல இருந்து போடச் சொன்னாங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, நின்று பேசாமல் உள்ளே போய்விட்டார் கிராம் அண்ணன். ஆபீஸில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அது அவருடைய அறையில் அவர் உட்கார்ந்து வேலை செய்கிற நாற்காலி. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் நின்றபடியேதான் நண்டு உடைத்தார். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், "நின்னு உடைச்சாத்தான் கைக்கு வலு வருது" என்றார். காவல்காரருக்கு உண்மை தெரிய வந்தபோது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது.

கிராம் அண்ணன் என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. எதைக் கேட்டாலும் எடைக்கணக்கில் பதில் சொல்லுவார். தேநீரில் சர்க்கரை எவ்வளவு போடட்டும் என்று கேட்டால், "நாலு கிராம் போதும்" என்பார். அந்தப் பேச்சே பெயராக ஒட்டிக்கொண்டது. வயது ஐம்பத்தேழு, வேலைக்கு வந்து இருபத்தாறு வருஷம். பெரிய படிப்பு கிடையாது. கை சுத்தம், மனசு சுத்தம், இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தார்.

அங்கே அவருக்கு என்ன வேலை என்றால், நண்டு உடைக்கிற வேலை. வளைகுடாவின் அந்தக் கரையில் அணு மின்நிலையம் ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் கடலுக்குள் போகிறது. இந்தக் கரையில் எண்பது தொண்ணூறு படகுகள் நண்டுக்கூடு போட்டுப் பிழைக்கின்றன. குழாயில் வருகிற தண்ணீர் நண்டின் உடம்புக்குள் எதைக் கொண்டுபோய் வைக்கிறது என்று வாராவாரம் அளந்து சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்த ஆய்வுக்கூடம்.

திங்கட்கிழமை காலையில் டிரைவர் ஈரச் சாக்கில் இருபத்துநான்கு நண்டுகளை உயிரோடு கொண்டுவருவார். கிராம் அண்ணன் அவற்றைப் பனிக்கட்டிக்குள் வைத்து மரத்துப்போகச் செய்வார். "உனக்கும் நோகக் கூடாது, எனக்கும் கடி படக் கூடாது" என்று நண்டிடமே சொல்லுவார். ஒவ்வொன்றாக எடுப்பதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடுவார். என்ன வேண்டுகிறார் என்று யாரும் கேட்டதில்லை. பிறகு கத்தரியை எடுத்தால் கை ஓடும். கால் சதையும் கொடுக்குச் சதையும் ஒரு தட்டில். ஓட்டைத் திறந்தால் உள்ளே குழம்பாக மஞ்சளாக இருக்குமே, சாப்பிடுகிறவர்கள் விரலால் வழித்து எடுப்பார்களே, அது ஒரு தட்டில். செவுள் ஒன்றில், ஓடு ஒன்றில். ஒரு தட்டுச் சாமான் இன்னொரு தட்டில் ஒரு துளி விழக் கூடாது. எடை போட்டு, சூட்டுப் பெட்டியில் இரண்டு நாள் உலர்த்தி, மாவாக அரைத்து, வட்ட டப்பாவில் நிரப்பிக் கொடுப்பார். அந்த டப்பாவை ஈயச் சுவர் வைத்த பெட்டிக்குள் இறக்கி மூடினால், உள்ளே இருக்கிற கருவி பதினெட்டு மணி நேரம் காது கொடுத்துக் கேட்டு, ஒரு கிலோவுக்கு இத்தனை பெக்கரல் கதிர்வீச்சு என்று எண்ணிச் சொல்லும். நூறைத் தாண்டினால் பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் சதை முப்பதைத் தாண்டியதில்லை.

சட்டம் வாராவாரம் கேட்பது சதையை மட்டும்தான். மஞ்சளும் செவுளும் ஓடும் காய்ந்த தூளாகத் தேதி ஒட்டிய பாட்டில்களில் அலமாரியில் நிற்கும். வருஷக் கடைசியில் ஒருமுறை எல்லாவற்றையும் அளப்பார்கள். யாரும் திரும்பிப் பார்க்காத அந்தப் பாட்டில்களையும் அவர் வாராவாரம் துணியால் துடைத்துத்தான் வைப்பார்.

அளந்து சொல்லுகிறவர் மேடம். நாற்பது வயதிருக்கும். படித்த படிப்புக்கு நாலு பேர் வேலையை ஒருவராகச் செய்துகொண்டு, எப்போதும் தூக்கம் போதாத முகத்தோடு இருப்பார். கிராம் அண்ணனை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

கிராம் அண்ணன் வீட்டில் மனைவி மட்டும். பிள்ளை இல்லை. அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்குகிற நோய். நாலு படி ஏறினால் நாற்பது படி ஏறினதுபோல் நின்றுவிடுவார். நோய் உடம்பில்தான், வாயில் இல்லை. "இருபத்தாறு வருஷமா நண்டுகூடக் குடும்பம் நடத்துறீங்க, நடுநடுவே என்னையும் வந்து பார்த்துட்டுப் போறீங்க" என்பார். அவருடைய தம்பி, கிராம் அண்ணனுக்கு மச்சினன், நண்டுக்கூடு போடுகிறவன். ஒரு படகு, ஒரு மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அக்கா வீட்டுக்கு வராத வாரம் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை நண்டு வந்து பனியில் வைத்து அரைமணி ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரம்மா போன் செய்தார். சமையலறையில் மனைவி மயங்கி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம், ஓடி வாருங்கள் என்று. மேடம் அந்த வாரம் முழுக்க வெளியூரில் கூட்டத்துக்குப் போயிருந்தார். டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியும், நண்டைத் தொடத் தெரியாது. கிராம் அண்ணன் சாக்கை அப்படியே தூக்கிப் பெரிய ஃப்ரீசரில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு ஓடினார். கையுறையைக்கூடப் பஸ்ஸில் ஏறின பிறகுதான் கழற்றினார்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு இரும்பு பெஞ்சு. கண்ணை மூடினால் உள்ளே இருந்து இருமல் கேட்கும், கண்ணைத் திறந்தால் கேட்காது. கடவுளிடம் பெரிதாக ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. "இன்னும் கொஞ்ச நாள் விட்டுவை சாமி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். விட்டுவைத்தார். புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.

வியாழக்கிழமை வேலைக்குப் போனார். ஃப்ரீசரிலிருந்து சாக்கை எடுத்தார். கல்லாக இருந்தது. மேசையில் பரப்பிப் பனி விடும்வரை காத்திருந்து, நண்டுகளை ஒவ்வொன்றாக உடைத்தார். ஓட்டைத் திறந்தபோது மஞ்சள் உடைந்து முட்டைக் கருபோல ஒழுகிக் காலின் பொருத்துகளுக்குள்ளே ஓடியிருந்தது. துணியால் ஒற்றி எடுத்தார். "சரி, என்ன பண்றது" என்று நினைத்தாரா, ஒன்றுமே நினைக்கவில்லையா, பிற்பாடு அவருக்கே ஞாபகம் இல்லை. தூக்கம் கெட்ட மூளை அப்படித்தான். நோட்டுப் புத்தகத்தில் தேதி, நீளம், எடை, ஆணா பெண்ணா எல்லாம் எழுதினார். உடைக்கும்போது நண்டின் நிலை என்ன என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்தாறு வருஷமாக அந்தக் கட்டத்தில் அவர் எழுதிவந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான். கை அதையே எழுதிவிட்டது. உயிர்.

அடுத்த வாரம் மேடம் அவரைக் கூப்பிட்டார். கையில் ஒரு காகிதம்.

"அண்ணே, போன வாரச் சதை நூத்தி முப்பத்தொண்ணு வந்திருக்கு."

"முப்பத்தொண்ணா?"

"நூத்தி முப்பத்தொண்ணு. ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன். எல்லாம் நோட்டுல இருக்கிற மாதிரிதானே செஞ்சீங்க?"

"ஆமா மேடம்" என்றார் கிராம் அண்ணன். யோசிக்காமல் சொன்ன ஆமாம் அது. நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுகிற ஆமாம்.

வீட்டுக்குப் போகிற வழியில் சாலையைக் கடக்க நின்றவருக்கு, மீன்கடைக்காரன் ஒருவன் வண்டியிலிருந்து பனி பிடித்த சாக்கை இறக்குவது கண்ணில் பட்டது. அப்போதுதான் தலையில் கல் விழுந்த மாதிரி எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பச்சை விளக்கு இரண்டு தடவை வந்து போய்விட்டது. அவர் கடக்கவில்லை.

மறுநாள் விடிவதற்குள் அறிவிப்பு போய்விட்டது. மறு உத்தரவு வரும்வரை வளைகுடாவில் நண்டு பிடிக்கக் கூடாது. எண்பத்தேழு படகுகளும் கரையில். கூடுகளை எல்லாம் இழுத்துக் கரையில் அடுக்கிவிட்டார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. கிராம் அண்ணனை ரொம்ப உயர்த்தி எழுதக் கூடாது, அவரும் மனுஷர்தான். ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. நோட்டில் பொய் எழுதினான் என்று வெளியே தள்ளினால், மனைவியின் மருந்துக்கு யாரிடம் போய் நிற்பது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று. இவன் மச்சினன் நண்டு பிடிக்கிறவன், மச்சினனுக்காகத்தான் இப்போது கதை கட்டுகிறான் என்பார்கள். நிஜத்தைச் சொன்னாலும் பொய்யாகத்தான் போகும். இரண்டு நாள் அதையே மென்றுகொண்டிருந்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் மச்சினன் வந்தான். வேலை இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, உங்க மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அதுக்குக் கண்ணு கிடையாது மாப்ள. காதுதான்."

"அப்போ காதுல மெழுகு சேர்ந்திருக்கும். ஒரு குச்சி எடுத்துக் குடைஞ்சு விடுங்க."

கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்த அக்கா சிரித்துவிட்டு இருமினார். "நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சொல்லுவாங்க. என் தம்பி வாயும் அப்படித்தான்."

"எனக்கு எங்கே கொழுப்பு அக்கா? ரெண்டு நாளா கரையில உட்கார்ந்து காக்காவை எண்ணுறேன். பக்கத்துப் படகுக்காரன் என்ன சொல்றான் தெரியுமா? உன் மாமன் உள்ளேதானே இருக்கான், கேட்டுச் சொல்லுடாங்கறான். நான் சொன்னேன், எங்க மாமா கிட்ட ரகசியம் கேட்டா அரை கிராம்கூடத் தரமாட்டாருன்னு."  பிறகு குரலை இறக்கி, "நெசமாவே கெட்டுப்போச்சா மாமா? என் பொண்ணுங்க ரெண்டும் வாராவாரம் சாப்பிட்டிருக்குங்க. அதை மட்டும் சொல்லுங்க. படகு கெடக்கட்டும்" என்றான்.

கிராம் அண்ணன் தரையைப் பார்த்தார். "பார்த்துக்கிட்டு இருக்கோம் மாப்ள" என்றார். மச்சினன் போன பிறகு அந்தப் பதில் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

மனைவி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் மறைக்கிற வித்தையைக் கிராம் அண்ணன் கற்கவே இல்லை. எல்லாவற்றையும் சொன்னார். ஃப்ரீசர், ஒழுகிய மஞ்சள், நோட்டில் எழுதியது, ஆமாம் என்றது.

"அப்போ நான் விழுந்ததாலதானே இவ்வளவும்."

"நீ விழுந்தது உன் தப்பு இல்ல. நான் எழுதினது என் தப்பு."

அந்த அம்மா கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். "சொன்னா என்ன பண்ணுவாங்க?"

"வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"வீட்லதான் நான் இருக்கேனே" என்றார் மனைவி. "போங்க. போய்ச் சொல்லுங்க. சாமிகிட்ட ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணுன்னு ரெண்டு நோட்டா வெச்சிருக்கீங்க?"

மறுநாள் காலையில் குளித்து, விளக்கு முன்னால் வழக்கத்தைவிட ஒரு நிமிஷம் கூட நின்றுவிட்டுப் போனார். மேடத்தின் அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்தபோது மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"குழாயில வர்ற கழிவுல கதிர் வீசுற ஒரு வகை வெள்ளி இருக்குண்ணே. அது நண்டுக்குள்ளே போனா மஞ்சளைத்தான் தேடிப் போகும். சதையில அது இவ்வளவு வந்ததுமே எனக்குச் சந்தேகம். இது மஞ்சள் கலந்த சதை மாதிரி இருக்கேன்னு யோசிச்சேன். அப்புறம் நோட்டைப் பார்த்தேன். உயிர்னு எழுதியிருந்தீங்க. கிராம் அண்ணன் எழுதினா எழுதினதுதான்னு என் சந்தேகத்தைத்தான் நான் தூக்கிப் போட்டேன்."

அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"இப்போ நான் மேலே எழுதினா என்ன கேப்பாங்க? உங்க மச்சினன் யாருன்னு கேப்பாங்க."

"தெரியும் மேடம். அதனால என்னை நம்ப வேணாம். வேற படகுல இருந்து நண்டு எடுக்கச் சொல்லுங்க. பாதியை உயிரோட உடைங்க. பாதியை முழுசா மூணு நாள் ஃப்ரீசர்ல வெச்சு உடைங்க. ரெண்டையும் போட்டுப் பாருங்க. நான் தொட மாட்டேன்."

"நீங்க தொடலைன்னா வேற யாரு உடைக்கிறது?"

 இருபத்தாறு வருஷமாக அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் நண்டு உடைத்ததில்லை.

கடைசியில் மேடமே உடைத்தார். தடை இருந்ததால் மேலிடத்தில் அனுமதி வாங்கி, யாருக்கும் சொந்தமில்லாத அரசுப் படகை அனுப்பி, நாற்பத்தெட்டு நண்டுகள் பிடித்துவந்தார்கள். டிரைவர் துணைக்கு. கிராம் அண்ணன் கதவுக்கு வெளியே, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், உள்ளே கால் வைக்கக் கூடாது என்று ஏற்பாடு. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கை சும்மா இருக்காது என்று அவருக்கே பயம்.

மேடம் முதல் கொடுக்கைக் கத்தரியால் நெரித்ததும் ஓட்டுத் துண்டு ஒன்று பறந்துபோய் டிரைவரின் நெற்றியில் ஒட்டியது.

"மேடம், நான் வண்டி ஓட்டத்தான் சேர்ந்தேன்" என்றார் டிரைவர். "சண்டைக்குச் சேரலை."

"பேசாம தட்டைப் பிடிங்க."

கத்தரியைப் பிடித்த கோணமே தப்பு. அடியிலிருந்து நுழைக்க வேண்டியதை மேலிருந்து நுழைக்கிறார். கண்ணாடிக்கு வெளியே கிராம் அண்ணனுக்குக் கழுத்து தன்னாலேயே அந்தப் பக்கம் சாய்ந்தது. மேடம் நிமிர்ந்து பார்த்துவிட்டார். "அண்ணே, சொல்லாதீங்க. கண்ணால கூடச் சொல்லாதீங்க. அப்புறம் இந்த வேலைக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்." அவர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். வழக்கமாக அவர் ஒன்றரை மணியில் முடிக்கிற வேலைக்கு அன்றைக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. மேடத்துக்கு மூன்று விரல்களில் வெட்டு. டிரைவருக்கு வாழ்நாள் முழுக்க நண்டு வேண்டாம் என்றாகிவிட்டது.

பாதி நண்டுகள் மூன்று நாள் ஃப்ரீசரில் இருந்து, அவையும் உடைபட்டு, உலர்ந்து, அரைபட்டு, ஒவ்வொரு டப்பாவும் பதினெட்டு மணி நேரம் ஈயப் பெட்டிக்குள் உட்கார்ந்து வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் கிராம் அண்ணனுக்கு வேலை கிடையாது. வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையில் வந்து கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் கையெழுத்துப் போட்டு. போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்காததுபோல் போனார்கள். வேலை செய்து வரும் அலுப்பு தூங்கினால் போய்விடும், இந்த அலுப்பு எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பதினோராம் நாள் மேடம் வந்து அதே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உயிரோட உடைச்ச சதை இருபத்தி மூணு. ஃப்ரீசர்ல வெச்சது நூத்திப் பதினாலு."

"அப்போ..."

"நீங்க சொன்னது நெசம். சதையில தப்பு இல்லை."

கிராம் அண்ணன் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தபோது மேடம் சிரிக்கவில்லை.

"மஞ்சளையும் போட்டுப் பார்த்தேன்ணே."

"எவ்வளவு?"

"எண்ணூத்திச் சொச்சம்."

காற்றில் எங்கேயோ ஒரு கதவு அடித்துக்கொண்டிருந்தது.

"வருஷக் கடைசிக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு" என்றார் மேடம். "அதுவரைக்கும் மஞ்சளைப் பத்தி என்னை யாரும் கேக்கப் போறதில்லை. சதை சரின்னு எழுதிட்டா நாளைக்கே படகெல்லாம் போயிடும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க மச்சினன் வீட்ல மஞ்சளைச் சாப்பிடுவாங்களா?"

சாப்பிட மாட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கிராம் அண்ணனுக்குத் தெரிந்தது. மேடத்துக்கும் அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும்போல் இருந்ததோ என்னவோ. ஆனால் யோசிக்காமல் சொன்ன ஒரு ஆமாம் எவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது என்று பார்த்தவர் அவர். இந்தத் தடவை யோசித்தே சொன்னார்.

"முதல்ல அதைத்தான் சாப்பிடுவான் மேடம். ஓட்டை வழிச்சுப் பிள்ளைங்க வாயில வைப்பான். நண்டுல ருசியே அதுதானாம்."

மேடம் தலையாட்டினார். 

"எப்போல இருந்து ஏறியிருக்குன்னு தெரியணும். பழைய மஞ்சள் அலமாரியில இருக்கா?"

"வாரத்துக்கு ஒரு பாட்டில். ஒண்ணுகூட விடலை."

"உங்க எழுத்தை இப்போ யார் நம்புவாங்கண்ணே?"

"எழுத்தை நம்ப வேணாம். பாட்டில்ல இருக்கிறதை அளந்து பாருங்க. அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பொய்யும் தெரியாது."

அளந்து பார்த்தார்கள். நாலு மாதமாக மஞ்சள் ஏறிக்கொண்டே வந்திருந்தது. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் கேட்காத அலமாரியில்.

உத்தரவு மாறியது. காலும் கொடுக்கும் விற்கலாம். முழு நண்டு விற்கக் கூடாது, மஞ்சளைச் சாப்பிடக் கூடாது, குழாய்க்காரர்கள் பதில் சொல்லும்வரை. கேட்பதற்கு நல்ல உத்தரவு. ஆனால் கடைக்காரர்களுக்கு முழு நண்டுதான் வேண்டும். வெறும் காலை யார் வாங்குவார்கள்? எண்பத்தேழு படகுகளில் முப்பதுதான் திரும்பப் போயின.

மச்சினன் வந்தான். இந்தத் தடவை உட்காரவில்லை.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டீங்களே மாமா. சதை சரியா இருக்குன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கலாம்ல? மஞ்சளைப் பத்தி எவன் கேட்டான்?"

"நீதான் கேட்டே மாப்ள."

"நானா?"

"இதே இடத்துல உட்கார்ந்து கேட்டே. பொண்ணுங்க சாப்பிட்டிருக்குங்க, அதை மட்டும் சொல்லுங்க, படகு கெடக்கட்டும்னே."

 மச்சினனுக்குக் கோபம் போகவில்லை, போக இடம் தெரியாமல் நின்றது. "இப்போ அதுங்களுக்கு ஏதாவது ஆகுமா?" என்றான் கடைசியில்.

"ஆகாதுன்னு மேடம் சொல்றாங்க. விட்டுட்டா உடம்பே கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளிடுமாம். வாராவாரம் சாப்பிட்டுக்கிட்டே இருந்தாத்தான் கெடுதலாம்."

அக்கா கட்டிலிலிருந்து, "தண்ணியாவது குடிச்சுட்டுப் போடா" என்றார். அவன் குடிக்காமலே போனான். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து, குடித்துவிட்டுப் போனான்.

கிராம் அண்ணனை ஓய்வுக்கு ஆறு மாதம் மிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பினார்கள். பதிவேட்டில் தவறாக எழுதியதற்காக என்று கடிதத்தில் இருந்தது. மேடம் அவருக்காக இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தார், எடுபடவில்லை. "அவங்க எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல மேடம். தப்பா எழுதினேன், அதுக்குத்தான்" என்றார் அவர். ஓய்வுப் பணம் கொஞ்சம் குறைந்து வந்தது. மருந்துக்குப் போதும், அதுக்கு மேல் ஆசைப்படக் கூடாது என்று மனைவியிடம் சொன்னார். முதல் ஒரு மாதம் பகலெல்லாம் தூங்கினார். எழுந்தாலும் அலுப்பாகவே இருந்தது.

மழை முடிந்ததும் மச்சினன் படகை விற்றான். தெற்கே வேறொரு கரையில் மனைவியின் அண்ணன் இருந்தான். அங்கே கூடு போடலாம், முழு நண்டு விற்கலாம், யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்றான். ஒரு மத்தியானம் மூட்டை முடிச்சுகளோடு பஸ் நிலையத்தில் நின்றார்கள். அக்காவால் படியிறங்கி வர முடியவில்லை. கிராம் அண்ணன் மட்டும் வந்திருந்தார், கையில் இரண்டு பெண்களுக்கும் பிஸ்கட் பொட்டலம். பெண்கள் இரண்டும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"என்ன மாமா, பிஸ்கட்டை எடை போட்டுத்தான் கொண்டுவந்தீங்களா?" என்றான் மச்சினன். அந்த ஆறேழு மாதத்தில் அவன் செய்த முதல் கேலி அது.

"ஆளுக்கு நூறு கிராம்" என்றார் கிராம் அண்ணன். இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு எங்கேயோ போய்விட்டது, அவர்கள் மட்டும் நின்றார்கள்.

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான். மச்சினன் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்காவைப் பார்த்துக்கங்க. அப்பப்போ வந்துட்டுப் போறேன்" என்றான். வர வாய்க்கவில்லை. அடுத்த கோடையில் ஒரு நாள் காலையில் கிராம் அண்ணன் எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பிய அந்த மத்தியானம்தான் அவர்கள் ஒருவரை ஒருவர் கடைசியாகப் பார்த்தது.

வண்டி மெதுவாக நகர, அவர் கூடவே நாலு எட்டு நடந்தார். ஜன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"மாப்ள, அந்தத் தண்ணி எப்படின்னு எனக்குத் தெரியாது. அங்கே யாராவது அளக்குறாங்களான்னு முதல்ல விசாரி. அதுவரைக்கும் பிள்ளைங்களுக்கு நண்டுக் காலை மட்டும் உடைச்சுக் கொடு."